ரீட்பெர்க் கணவாயில் ஒரு அம்மி

யோசேப்புவின் வண்டி, ஆட்களும் சாமான்களும் சேர்த்து, மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பதிவுப் பத்திரத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. வோன்மொபில் என்று ஜெர்மனியில் சொல்லும் இந்த வண்டிக்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் இருப்பதால் வெறும் வண்டியே இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வந்துவிடும். மிச்சம் அறுநூறு கிலோ. அதற்குள் இரண்டு மனிதர்கள், நூறு லீற்றர் தண்ணீர், இரண்டு எரிவாயுச் சிலிண்டர், உடுப்பு, சட்டி, அரிசி எல்லாம் அடங்க வேண்டும்.

யோசேப்பு ஹம் நகரில் கம்பித் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வண்டியை வாங்கிய அன்றே குளியலறைத் தராசைக் கீழே கொண்டுவந்து, ஏற்றப்போகும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதினார். கரண்டிகளைக்கூடக் கட்டாகக் கட்டி நிறுத்தார். கடைசியில் மனைவி டொறத்தியைக் கூப்பிட்டார்.

"என்னையும் எழுதப்போறியளோ?"

"எல்லாத்தையும்தான் எழுதவேணும்."

"அப்ப உங்கடை வயித்தைத் தனியா எழுதுங்கோ. அது வேறை கணக்கு."

கூட்டிப் பார்த்தபோது மூவாயிரத்து நானூற்று எழுபது வந்தது. எல்லைக்கு முப்பது கிலோ குறைவு. யோசேப்புக்குத் திருப்தி.

பிறகு பார்சல்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, அல்கோய் மலைப்பக்கம் ஒரு கிழமை போகிறோம் என்று டொறத்தி ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். புதன்கிழமைக்குள் பதினொரு பார்சல் வந்துவிட்டது. இதில் வியப்பில்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. அவர் கையில் இடம் இருந்தால் அது மற்றவர்களுக்கும் இடம். கொழும்புக்குப் போகிறவரின் பெட்டியில் பாதி அவருடையதல்ல என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, ஏழு மீற்றர் நீளமான வண்டி தெற்கே போகிறது என்றால் சும்மா விடுவார்களா? "போற வழிதானே அண்ணை" என்றார்கள். லின்டாவ் ஊருக்கு மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும். மியூனிக்குக் கருவாடும் ஒரு பிள்ளைத் தொட்டிலும். மிச்சம் எல்லாம் கெம்ப்ரனுக்கு, நிருபமா வீட்டுக் கலியாணத்துக்கு. குத்துவிளக்கு இரண்டு, உழுந்து, சிவப்பரிசி, பெரிய அண்டா, கடைசியாக, ஹம்மிலேயே இருக்கும் ஸ்ரீதரன் கொண்டுவந்து இறக்கிய அம்மிக்கல்.

அந்த அம்மி அரைப்பதற்கானதல்ல. கலியாணத்தில் பெண் கால் வைத்து மிதிப்பதற்கு ஒரு கல் வேண்டும். ஸ்ரீதரனிடம் இருக்கும் கல் பல வருடமாக ஜெர்மனி முழுக்கக் கலியாணங்களுக்குப் போய் வருகிறது.

"வேதக்காரரின்ரை வண்டியிலை அம்மியை ஏத்திறாய்," என்றார் யோசேப்பு.

"கல்லுக்கு என்ன மதம் அண்ணை? பாரம் மட்டும்தான் கிடக்கு," என்றான் ஸ்ரீதரன்.

எல்லாவற்றையும் வண்டியின் பின்பக்கம், கட்டிலுக்கடியில் இருக்கும் பெரிய அறையில் அடுக்கினார்கள். கரண்டியை நிறுத்த யோசேப்பு அம்மியை நிறுக்கவில்லை. கொப்பியின் தலைப்பில் 'எங்கள் சாமான்' என்று எழுதியிருந்தார். பார்சல் எங்கள் சாமான் அல்ல. அது அவருடைய மனதில் வேறொரு பெட்டியில் இருந்தது.

கெம்ப்ரனைக் கடக்கும்போது டொறத்தி நிருபமாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஐயோ அக்கா, எங்கடை வீடு நாலாம் மாடி, லிப்ட் இல்லை. சனிக்கிழமைதான் மண்டபக் கதவுத் திறப்புத் தருவினம். அப்ப கொண்டுவாங்கோ. அதுவரைக்கும் உங்கடை வண்டியிலை கிடந்தா என்ன, பாரமே?"

லின்டாவ், மியூனிக் பார்சல்களைக் கலியாணத்துக்குப் பிறகு கொடுப்பதாக இருந்தார்கள். அப்படித்தான் வெள்ளிக்கிழமை காலையிலும் பதினொரு பார்சலும் வண்டியில் இருந்தன. அந்த வெள்ளிக்கிழமை டொறத்திக்கு முக்கியமான நாள்.

அவளுடைய வலது முழங்காலில், எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் இருக்க வேண்டிய குருத்தெலும்பு அநேகமாகத் தேய்ந்துவிட்டது. இருபத்தாறு வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்திய வேலையின் மிச்சம் அது. வருகிற புதன்கிழமை செயற்கை முழங்கால் வைப்பதற்கு ஒரு கிளினிக்கில் டெர்மின், அதாவது நாளும் நேரமும், கொடுத்திருந்தார்கள். வருவதாக இருந்தால் வெள்ளி பிற்பகல் இரண்டு மணிக்குள் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், அடுத்தது பெப்ரவரியில்தான்.

டொறத்திக்குப் பயம். புது முழங்காலோடு இல்லத்துக்கு வந்து நாலாம் மாதம் தோட்டம் கொத்தியவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள், திரும்ப எழும்பாமலே போனவர்களையும் பார்த்திருக்கிறாள். எது எத்தனை பேர் என்று விரல் மடித்து எண்ணிப் பார்த்தாள், இரண்டு கையும் ஏறக்குறைய சமமாக வந்தது. ஆகவே தானே ஒரு சோதனை வைத்துக்கொண்டாள். ரீட்பெர்க்கர் ஹோர்ன் என்ற மலை ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு மீற்றர். கணவாய் வரை வண்டியில் போனால் நடப்பதற்கு முந்நூற்றெண்பது மீற்றர் உயரம்தான் மிச்சம். அதை ஏறி இறங்க இந்த முழங்கால் உதவினால் பெப்ரவரி பார்க்கலாம். உதவாவிட்டால் புதன்கிழமை.

யோசேப்பு இதில் ஒன்றும் சொல்லவில்லை. நவம்பரில் வண்டியோடு ஸ்பெயினுக்குப் போய்க் குளிர்காலம் முழுக்க இருக்கலாம் என்று அவர் போட்டிருந்த திட்டம் டொறத்திக்குத் தெரியும். ஒப்பரேஷன் செய்தால் அது நடக்காது. அதனால் அவர் சொல்லாமல் இருந்ததே ஒரு சொல்லாகத்தான் அவளுக்குக் கேட்டது.

எட்டு மணிக்கு ஃபிஷன் கிராமத்து வண்டித் தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டார்கள். ரீட்பெர்க் கணவாய்ச் சாலை ஜெர்மனியிலேயே உயரமான கணவாய்ச் சாலைகளில் ஒன்று. முதலில் புல்வெளி, பிறகு தேவதாரு மரங்கள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்துக்குள் வெள்ளைப் பூனைபோல் படுத்திருக்கும் மூட்டம். செங்குத்தான இடத்தில் சரிவு பதினாறு வீதம். நூறு மீற்றர் முன்னே போனால் பதினாறு மீற்றர் மேலே போயிருப்போம் என்று அர்த்தம். இரவு பெய்த மழையில் தார் ஈரமாக இருந்தது.

அந்தச் செங்குத்தில், ஒரு வளைவின் நடுவில், எஞ்சின் இரைந்தது. வண்டி நகரவில்லை. முன் சில்லுகள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றின. மானிப் பலகையில் மஞ்சள் விளக்கொன்று மினுங்கியது. யோசேப்பு காலை எடுத்து மறுபடி மெதுவாக அழுத்தினார். மறுபடி வழுக்கல்.

"என்ன, எண்ணெய் இல்லையோ?" என்றாள் டொறத்தி.

"எண்ணெய் கிடக்கு. பிடிப்புத்தான் இல்லை."

பின்னால் ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும், ரப்பர்ச் சப்பாத்துப் போட்டிருந்தாள். இறங்கி வந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள், குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அந்த ஊர்ப் பேச்சில் ஏதோ சொன்னாள். யோசேப்புக்குப் பாதி விளங்கியது. மேலே ஒதுங்கும் இடம் இல்லை, கீழே முப்பதடியில் இருக்கிறது, நான் பார்த்துச் சொல்கிறேன், பின்னுக்கு வா என்றாள். அவள் தன் இயந்திரத்தைப் பின்னெடுத்து, சாலையில் நின்று கை காட்ட, யோசேப்பு வண்டியைப் பின்னுக்கு உருட்டி ஒதுக்கிடத்தில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைத்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு கதை சொன்னாள். தன் தகப்பன் காலத்தில் இப்படி ஒரு கார் வழுக்கினால், முன் மூடியில் இரண்டு தடித்த ஆட்களை ஏற்றி இருத்துவார்களாம்.

டொறத்தி ஜெர்மனில் சொன்னாள்: "தடித்த ஆள் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் ஒரு கல் இருக்கிறது."

பெண்ணுக்கு விளங்கவில்லை. என்றாலும் சிரித்துவிட்டு, கையசைத்துக்கொண்டு தன் பாட்டில் மேலே போனாள்.

யோசேப்பு நெற்றியில் கை வைத்தபடி வண்டியின் பக்கத்தில் நின்றார். அந்தத் தொழிற்சாலையில் அவர் பாரம் தூக்கும் வண்டி ஓட்டியவர். முன் கவட்டில் ஒரு தொன் கம்பிச் சுருளைத் தூக்கினால் பின்பக்கம் எழும்பாமல் இருக்கப் பின்னால் ஒரு பெரிய இரும்புக் கட்டி வைத்திருப்பார்கள் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இங்கே நடந்தது அதன் மறுபக்கம். வோன்மொபிலில் இழுப்பது முன் சில்லு. பின் சில்லு வெறுமனே சுமக்கும். பார்சல் இருக்கும் அறையோ பின் அச்சுக்கும் பின்னால், ஒன்றரை மீற்றர் வெளியே தள்ளி இருக்கிறது. சிறுவர்கள் ஏறியாடும் மரப்பலகை போலத்தான். நடுக்கட்டை பின் அச்சு. ஒரு முனையில் இருநூறு கிலோ ஏறினால் மறுமுனை உயரும். இரு அச்சுகளுக்கும் இடையில் நாலு மீற்றர் என்றால், முன் சில்லுகளிலிருந்து எழுபத்தைந்து கிலோவை அது தூக்கிவிடும். பின் சில்லுகளுக்கு இருநூறு அல்ல, இருநூற்று எழுபத்தைந்து. சமதரையில் இது தெரியாது. சரிவில் ஏறும்போது வண்டியின் பாரம் தானாகவே இன்னும் பின்னுக்குச் சாயும். தார் ஈரமாக இருந்தால் கதை முடிந்தது.

"மூவாயிரத்து அறுநூற்று எழுபது," என்றார் கொப்பியைத் திறக்காமலே. "பொலிஸ் மறிச்சு நிறுத்திருந்தா அதிலையே இறக்கச் சொல்லியிருப்பான்."

"கரண்டி எல்லாம் நிறுத்தனீங்கள்."

"உது எங்கடை சாமான் இல்லைத்தானே."

"சில்லுக்கு அது தெரியுமே?"

செய்ய வேண்டியது இரண்டு. தண்ணீர்த் தாங்கியைத் திறந்து நூறு லீற்றரையும் ஓடவிட்டால் நூறு கிலோ குறையும். மலைக்கு மேலே தண்ணீர் பிடிக்கலாம். மிச்சம், பார்சல்களைப் பின்னறையிலிருந்து எடுத்து முன் இருக்கைகளுக்குப் பின்னாலும் காலடியிலும் கொண்டுவந்து வைப்பது. பாரம் குறையாவிட்டாலும் இடம் மாறும்.

"நீ இரு," என்றார் யோசேப்பு. "நான் தூக்கிறன். உன்ரை கால் மலைக்கு வேணும்."

"அம்மியை நீங்கள் தனியத் தூக்கினா நாரி, முதுகு எல்லாம் பிடிச்சுப்போடும். பிறகு ரெண்டு பேருக்கும் டெர்மின் எடுக்கவேணும்."

"கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கிறன்."

"அம்மியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்க ஏலாது. தள்ளுங்கோ."

அவள் தூக்கியது இல்லத்தில் பழகிய முறை. பாரத்தைக் கைநீட்டி எடுக்கக்கூடாது. அதற்குக் கிட்டப் போய், முழங்காலை மடித்து, நெஞ்சோடு அணைத்து, பிறகு காலால் எழும்ப வேண்டும். முதுகுக்கு அது நல்லது. முழங்காலுக்கு அது எவ்வளவு நல்லது என்று இல்லத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அரிசி, உழுந்து, அண்டா, விளக்கு என்று பதினொரு பார்சலும் முன்னுக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரமானது. அம்மிக்கு வேறு இடம் இல்லை. டொறத்தியின் காலடியில் வைத்துப் பட்டியால் இறுக்கிக் கட்டினார்கள். அவள் ஏறி இருந்து, இரண்டு பாதத்தையும் அதன் மேல் வைத்தாள்.

"கோயில்லை கலியாணம் முடிச்சபடியா உது ஒண்டு மிச்சம் கிடந்தது," என்றாள். "இப்ப மிதிச்சாச்சு."

"மெட்டியும் வேணுமோ?"

"ரோட்டைப் பாருங்கோ."

வண்டி வழுக்காமல் ஏறியது. கணவாயின் தரிப்பிடத்தில் நிறுத்தியபோது பத்தே முக்கால்.

ஏற்றம் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. முதலில் சரளைக் கல் பாதை, பிறகு மாடுகள் மேயும் புல்சரிவு, பிறகு வேர்களும் மரப்படிகளும் கலந்த ஒற்றையடிப் பாதை. இரண்டு கைகளிலும் தடியோடு டொறத்தி ஒரே சீராக நடந்தாள். யோசேப்புதான் இரண்டு இடத்தில் நின்று காட்சி பார்ப்பதாகச் சொல்லி மூச்சு வாங்கினார். பன்னிரண்டே முக்காலுக்கு உச்சி. அங்கே ஒரு மரச் சிலுவை நின்றது. இந்த மலைகளில் அநேகமாக எல்லா உச்சியிலும் ஒரு சிலுவை உண்டு. இருவரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். சிலுவையின் அடியில் தகரப் பெட்டிக்குள் ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. யோசேப்பு இருவரின் பெயரையும் தமிழில் எழுதி, திகதியும் போட்டார். தெற்கே ஒஸ்ட்ரியா மலைகள் வரிசையாகத் தெரிந்தன. சிலவற்றில் புதுப் பனி.

"நோகுதோ?"

"இல்லை."

"கொஞ்சமும்?"

"சும்மா ஒரு சூடு. அவ்வளவுதான்."

"அப்ப போனை எடு. இப்பவே சொல்லிவிடு, பெப்ரவரி பாப்பம் எண்டு." அவருடைய முகத்தில் ஸ்பெயின் தெரிந்தது.

"இன்னும் பாதி கிடக்கு," என்றாள் டொறத்தி.

அவள் சொன்னது சரி. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. அதில் களைப்பது நெஞ்சும் மூச்சும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும், பிறேக்கைப் போல. ஒவ்வொரு அடியிலும் விழுகிற உடலை நிறுத்துவது முழங்கால். முழங்கால் சிரட்டையைத் தசை எலும்போடு வைத்து அழுத்தும் அழுத்தம் உடல் எடையின் மூன்று நாலு மடங்குக்குப் போகும். மலை முழங்காலிடம் கேள்வி கேட்பது இறங்கும்போதுதான்.

ஒரு மணிக்கு இறங்கத் தொடங்கினார்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. மரப்படிகள் தொடங்கிய இடத்தில் டொறத்தி தடியை முன்னால் ஊன்றி, வலது காலை மடித்து, இடது காலைக் கீழே இறக்கினாள். ஏழாவது படியில் வலது முழங்கால் உள்ளே எங்கேயோ பிடித்தது. எட்டாவதில் பிடித்துப் பிறகு விட்டது. ஒன்பதாவதில் விடவில்லை. அவள் சத்தம் போடாமல் தடிகளைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிலேயே இருந்தாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். காற்சட்டைத் துணிக்குக் கீழே அது சூடாக, ஒரு பக்கம் உப்பி இருந்தது.

"நேரம் என்ன?"

"ஒண்டு நாப்பது." யோசேப்பு அவள் பக்கத்தில் குந்தினார். "இது சரியான சோதினை இல்லை, டொறத்தி. காலமை நீ அந்தப் பார்சல் எல்லாம் தூக்கினாய். அதாலைதான். ஒரு கிழமை ஆறவிட்டுத் திரும்ப ஏறிப் பாத்தா..."

"தூக்காமல் ஏறியிருந்தா இறங்கியிருப்பன் எண்டு சொல்லுறியள்."

"ஓம்."

"இருக்கலாம்." அவள் சற்று யோசித்தாள். "அடுத்தமுறை வெளிக்கிடேக்கை சனம் பார்சல் தராமல் விடுமோ?"

யோசேப்பு கிடந்த தடிகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்தார்.

"தந்தா நாங்கள் வாங்காமல் விடுவமோ? ஒண்டும் தூக்காமல் இருந்தால்தான் வேலை செய்யிற முழங்காலை வைச்சு நான் என்ன செய்ய? பூட்டி வைக்கிறதோ?"

"ஸ்பெயின்," என்றார் அவர், மிகவும் மெதுவாக.

"ஸ்பெயின் அங்கைதான் கிடக்கும். ஒருதரும் தூக்கிக்கொண்டு போகாயினம். உங்களுக்கு நான் வேணுமோ, நவம்பர் வேணுமோ?"

"நீ பயப்பிட்டனி. அதாலைதான் நான்..."

"இப்பவும் பயம்தான்."

அவள் போனை எடுத்தாள். மரங்களுக்கிடையில் ஒரு கோடு மட்டும் தொடர்பு காட்டியது, அதுவும் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஒஸ்ட்ரியத் தொடர்பு. காத்திருக்கச் சொல்லி மூன்று முறை இசை போட்டார்கள். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு பெண் குரல் வந்து பிறந்த திகதி கேட்டது. டொறத்தி சொன்னாள். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றாள். மேலே சரிவில் மாட்டு மணிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

"நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒரு மலையில்."

"அந்த முழங்காலோடா?"

"இந்த முழங்காலோடு கடைசி மலை," என்றாள் டொறத்தி. கவனமாக இறங்குங்கள், வீங்கியிருந்தால் ஐஸ் வையுங்கள் என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள்.

இனி இறங்க வேண்டும். தரிப்பிடம் இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர். நேராக இறங்க ஏலாத முழங்காலுக்கு ஒரு வழி உண்டு. திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினால், பாதத்தின் முன்பகுதி முதலில் தரையைத் தொடும், கணுக்கால் பாரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், முழங்கால் அவ்வளவு மடிய வேண்டியதில்லை. இல்லத்தில் மாடிப்படியில் அவள் எத்தனையோ பேரை அப்படி இறக்கியிருக்கிறாள். இப்போது அவள் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். யோசேப்பு இரண்டு படி கீழே நின்று அவளுடைய இடுப்பில் ஒரு கை வைத்து, காலுக்கு இடம் சொன்னார்.

"இடது. இன்னும் ஒரு சாண் கீழை. ஓம். இப்ப வலது. வேர் ஒண்டு கிடக்கு, அதைத் தாண்டி."

"எத்தினை படி இன்னும்?"

"எண்ணாதை."

கீழேயிருந்து ஏறி வந்த இரண்டு இளம் பெண்கள் வணக்கம் சொல்லிக் கடந்து போனார்கள். அவர்கள் எந்தப் பக்கம் பார்த்து நடந்தார்களோ அதே பக்கம் பார்த்துத்தான் டொறத்தியும் நின்றாள். அவர்கள் மேலே போக, அவள் கீழே போனாள். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது.

பத்துப் பதினைந்து படிக்குப் பிறகு அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"நெடுக மரத்தையும் கல்லையும் பாத்துக்கொண்டு இறங்கிறன். பின்னாலை என்ன தெரியுதெண்டும் சொல்லுங்கோவன்."

யோசேப்பு திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

"மாடு," என்றார்.

"எத்தினை?"

"ஏழு. இல்லை, எட்டு. ஒண்டு படுத்திருக்கு." அவர் இன்னும் பார்த்தார். "மூட்டம் விலகீட்டுது. அங்காலை ஒரு ஆறு தெரியுது. இடது காலை வை. கல்லு ஈரம்."

"வைக்கிறன்," என்றாள் டொறத்தி. "பிடிச்சுக்கொள்ளுங்கோ."